குப்பை மேட்டுக்கு ஓதம் பார்ப்பது யார்?

மழைக்காலம் முடிந்ததும் வீட்டில் நாம் செய்கிற முதல் காரியம் அண்ணாந்து பார்ப்பதுதான். தளத்தில் எங்காவது ஓதம் இறங்கியிருக்கிறதா, மூலையில் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறதா, போன வருஷத்துக் கறை இந்த வருஷம் ஒரு சாண் கூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். கோடையில்தான் மேஸ்திரி வந்து மொட்டை மாடியில் தட்டோடு பதித்து, "இனிமே பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது சார்" என்று சத்தியம் பண்ணிப் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதற்காக நாம் பார்க்காமல் இருக்கிறோமா?

ஊர்க் குப்பையை முப்பது நாற்பது வருஷம் ஓர் இடத்தில் கொட்டிவிட்டு, மேலே மண் பரப்பி, புல் நட்டு, ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கிறார்களே, அந்த மண் மூடியும் ஒரு கூரைதான். அதற்கு ஓதம் பார்ப்பது யார்?

இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் என் காலை நடை நண்பர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஓர் ஊரின் பழைய குப்பைக் கிடங்கு, இப்போது பூங்கா. நடைபாதை, ஊஞ்சல், செயற்கை நீரூற்று. "பாத்தீங்களா சார், அம்சமா இருக்கு. குப்பைக் கதை முடிஞ்சுது" என்றார். "மேல முடிஞ்சுது சார், கீழ இப்பத்தான் ஆரம்பம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எதைப் பாத்தாலும் குத்தம்தான். அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னாலும் திட்டுறீங்க, செஞ்சாலும் திட்டுறீங்க" என்றார். நியாயமான கோபம்தான். அதற்குப் பதில் சொல்ல இரண்டு சுற்று நடை போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் பார்த்த உத்தியோகத்தை ஒரே வார்த்தையில் சொன்னால் நீரோட்டம் பார்ப்பது. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தியோ வேப்பங்குச்சியைப் பிடித்தோ அல்ல, பேட்டரியை வைத்து. கிராமங்களில் எங்களைக் 'கரண்ட் மிஷின்காரங்க' என்பார்கள். தரையில் நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் அடிப்போம். வெளிப்பக்கத்து இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பி, உள்பக்கத்து இரண்டு கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு மின்னழுத்தம் என்று அளப்போம். கம்பிகளை விலக்கி விலக்கி அடித்தால் மின்சாரம் இன்னும் ஆழத்துக்குப் போய்த் திரும்பும். சித்திரை வெயிலில் தரை காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் மின்சாரம் இறங்காது. கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி இறக்குவோம். பிறகு வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு வரைந்து, அச்சுப் புத்தகத்தில் உள்ள மாதிரிக் கோடுகளின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்தி, எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். கண் போனதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

அளப்பது மின்தடை எண். அலகு ஓம்-மீட்டர். பயப்பட வேண்டாம், விஷயம் சுலபம். காய்ந்த மண்ணும் கெட்டிப் பாறையும் மின்சாரத்தை விடாது. எண் பெரிதாக இருக்கும். ஈரம் விடும். உப்பும் ரசாயனமும் கரைந்த ஈரம் தாராளமாக விடும், எண் சின்னதாகிவிடும். பல்லாவரம் மலையில் உள்ள கெட்டியான சார்னகைட் பாறை என்றால் ஆயிரக்கணக்கில் காட்டும். (கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த ரகம். அதனால்தான் பாறைக்கு அவர் பெயர். நம் ஊர்ப் பாறைக்கு வங்காளத்தில் செத்த வெள்ளைக்காரர் பெயர் வந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) நல்ல தண்ணீர் நிற்கும் மணல் சில பத்துகள் காட்டும். கடல் தண்ணீர் 0.2 அளவில் நிற்கும். குப்பைக்குள் ஊறிக் கறுத்து இறங்கும் கசிவுநீர் நிறைந்த இடம் 10-க்குக் கீழே போய், ஒன்று இரண்டு வரைக்கும் இறங்கும்.

ஆக, குப்பை மேட்டைத் தோண்டாமலே அதற்குள் எங்கே காய்ந்திருக்கிறது, எங்கே ஊறியிருக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. நேற்று வந்த வழியும் அல்ல. பிரான்ஸில் கான்ராட் ஷ்லும்பர்ஷே 1912-இலேயே தரைக்குள் மின்சாரம் அனுப்பி அளந்துவிட்டார். இப்போது எங்கள் காலத்து நான்கு கம்பிக்குப் பதில் 48 கம்பி, 72 கம்பி என்று ஒரேயடியாக அடித்துவிட்டு, எந்த நான்கைப் பயன்படுத்துவது என்று கருவியே மாற்றி மாற்றி அளக்கிறது. 5 மீட்டர் இடைவெளியில் 48 கம்பி என்றால் கோட்டின் நீளம் 235 மீட்டர். நாற்பது மீட்டர் ஆழம் வரை தெரியும். மலேசியாவில் பினாங்கைச் சேர்ந்த லோக் என்பவர் எழுதிய மென்பொருளில் போட்டால் தரையைக் கத்தியால் வெட்டிக் காட்டியதுபோல வண்ணப் படம் வந்துவிடுகிறது. நாங்கள் நான்கு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்ததை நாலு நிமிஷத்தில் செய்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் மூக்கு வழியாகவே தெரியும். 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்து புகைந்தபோது நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சார் பட்டமும் கிடைத்தது. சுமார் 200 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள். ஓர் ஏக்கரில் விழுவது 56 லட்சம் லிட்டர். 200 ஏக்கரில் 113 கோடி லிட்டர். அதில் பாதிக்கு மேல் வழிந்தோடியோ ஆவியாகியோ போய், மூன்றில் ஒரு பங்குதான் குப்பைக்குள் இறங்குகிறது என்று வைத்தாலும் 38 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர்க் கணக்கில் முப்பதாயிரம் லாரிக்கு மேல் வருகிறது. 2015 டிசம்பர் போல, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய வருஷங்களை நான் இதில் சேர்க்கவில்லை.

உண்மையில் இறங்குவது மூன்றில் ஒரு பங்கா, ஐந்தில் ஒரு பங்கா, பாதியா? அது குப்பை எவ்வளவு இறுகியிருக்கிறது, மேலே என்ன மூடியிருக்கிறது, சரிவு எப்படி என்பதைப் பொறுத்தது. அளந்தால்தான் தெரியும். நான் சண்டை பிடிக்கிற இடமும் இதுதான். குப்பையை லாரி லாரியாக எடை போட்டுச் சொல்கிறார்கள். இத்தனை லட்சம் டன் அகற்றினோம், இத்தனை ஏக்கர் மீட்டோம் என்று செய்தி வருகிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். பெருங்குடியில் மலை கரைந்ததை நானே கண்ணால் பார்த்தேன். கொடுங்கையூரிலும் வேலை தொடங்கியாயிற்று. ஆனால் குப்பையைக் கிளறிச் சலிக்கும் காலத்தில் அது மூடியில்லாத காயம் போலத் திறந்து கிடக்கிறது. இறுகிக் கிடந்தபோது குடித்ததைவிட அதிகமாக மழையைக் குடிக்கும். ஒப்பந்தக்காரருக்கு எடைக்குத்தான் பணம். தண்ணீருக்கு எடை போடுகிற மேடை எங்கும் இல்லை.

"கிணத்துத் தண்ணியை லேப்ல டெஸ்ட் பண்றாங்களே" என்று நண்பர் கேட்டார். விதியும் அப்படித்தான் சொன்னது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று மூன்று பருவமும் பரிசோதிக்க வேண்டும் என்று இருந்தது. மூடும்போது 60 சென்டிமீட்டர் களிமண், அதன் மேல் வடிகால் அடுக்கு, அதன் மேல் செடி வளர 45 சென்டிமீட்டர் மண் போட வேண்டும் என்றும், மூடிய பிறகு குறைந்தது 15 வருஷம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. நல்ல விதிகள். எழுதியவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் கிணறு எப்போது பேசும்? கசிவுநீர் குப்பையை விட்டு வெளியேறி, அடிமண்ணைக் கடந்து, கிணற்றுக்கு வந்து சேர்ந்த பிறகு பேசும். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும். அதைவிட மோசம், கிணறு தப்பான பக்கத்தில் இருந்தால் பேசவே பேசாது. கசிவுநீர் ஊர்வலம் மாதிரி அகலமாக வருவதில்லை. பழைய ஓடைத் தடம், மணல் பட்டை, பாறை வெடிப்பு என்று வழி பார்த்து ஒல்லியாகப் போகும். நான்கு மூலையிலும் நான்கு கிணறு போட்டுவிட்டு, நான்கும் சுத்தம் என்று அறிக்கை எழுதினால், அது நடுவில் புகுந்து போய்க்கொண்டிருக்கும்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமைக்குரியது அல்ல.

1987. கடலோர மாவட்டம் ஒன்றில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே உரக்கிடங்கு. அப்போதெல்லாம் 'கம்போஸ்ட் யார்டு' என்று கௌரவமாகச் சொல்வார்கள். உரம் எடுத்ததை நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் புதிதாக ஒரு குடியிருப்பு வந்துகொண்டிருந்தது. போர் போட இடம் பார்க்க என்னை அனுப்பினார்கள். கடைசித் தெருவில் முதல் வீட்டு அம்மா எனக்கும் உதவியாளருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். பால் இல்லை, வறட்டீ. தம்ளரைப் பார்த்தேன். மசிபோலக் கறுத்திருந்தது.

"பயப்படாம குடிங்க தம்பி. தண்ணி அப்படி. டீத்தூள் போட்டா கறுத்துப் போயிடுது, சோறு வடிச்சா மஞ்சளா நிக்குது" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ரெண்டு மழைக்கு முந்தி வரைக்கும் இனிப்பாத்தான் இருந்துச்சு. இப்ப அடமழை விட்டா ரெண்டு மாசத்துக்கு வாயில வைக்க முடியாது. பங்குனி சித்திரையில கொஞ்சம் தேவலை."

தண்ணீரில் இரும்பு கரைந்திருந்தால் டீயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும். குப்பை மக்குகிற இடத்தில் காற்று இல்லாமல் போவதால் மண்ணில் உள்ள இரும்பு கரைந்து தண்ணீரோடு புறப்படுவது சகஜம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கம்பி அடித்தேன். கிடங்குக்கு மேற்கே 25 ஓம்-மீட்டர். அந்த அம்மாவின் வீட்டுப் பக்கம் 4. அறிக்கையில் சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "கடலோரம்யா. உவர்க் களி. நாலுதான் காட்டும். எதுக்கு வம்பு?" என்றார். நான் 'உவர்க் களிமண். நீர் ஆதாரத்துக்கு ஏற்றதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னது பொய் அல்ல என்பதுதான் இதில் சங்கடம். உவர்க் களியும் 4 காட்டும், கசிவுநீரும் 4 காட்டும். ஒரு தடவை அளந்து எது எது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா எனக்கு விடையைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்திருந்தார். மழைக்குப் பிறகு மோசம், கோடையில் தேவலை. கடல் காலத்தில் படிந்த உவர்க் களி, ஐப்பசிக்கு ஒரு குணம் பங்குனிக்கு ஒரு குணம் என்று பெரிதாக மாறாது. மழையோடு ஏறி இறங்குகிறது என்றால் மழை எதன் வழியாகவோ வருகிறது என்று அர்த்தம். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். தை மாதம் திரும்பிப் போய், அதே கோட்டில், அதே இடங்களில் கம்பியை அடித்து, இரண்டாம் முறை அளந்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலை. போகவில்லை. வேறு ஊருக்கு வேறு வேலைக்கு அனுப்பினார்கள், போய்விட்டேன். சில வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டிருந்தார்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதனால்தான் இரண்டு தடவை, மூன்று தடவை, வருஷா வருஷம் என்று அடித்துச் சொல்கிறேன். ஒரே கோடு, மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. இரண்டு படத்தையும் கழித்துப் பார்த்தால் மாறியது மட்டும் தெரியும். உவர்க் களி இரண்டிலும் இருப்பதால் கழிந்துபோகும். பாறை கழிந்துபோகும். உள்ளே புதைந்த இரும்புத் துண்டுகூடக் கழிந்துபோகும். எங்கே ஈரம் புதிதாக ஏறியதோ அது மிஞ்சி நிற்கும். மூடிய கிடங்கு என்றால் வருஷத்துக்கு வருஷம் உள்ளே காய்ந்துகொண்டு வர வேண்டும். எண் மெல்ல மெல்ல ஏற வேண்டும். ஏறவில்லை, ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் நீலத் திட்டு இறங்குகிறது என்றால், மேலே அந்த இடத்தில் மூடி வெடித்திருக்கிறது. களிமண் கோடையில் வெடிக்கும். குப்பை மக்கி அமுங்கும்போது மூடியும் சேர்ந்து தொய்ந்து, குளம் கட்டும். பூங்காவில் நிற்பவருக்குப் புல்தான் தெரியும்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ஹாலின் ஹில் என்று ஒரு மண் சரிவு. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தார் அங்கே கம்பிகளை நிரந்தரமாகப் புதைத்துவிட்டு, சரிவுக்குள் ஈரம் ஏறி இறங்குவதை வருஷக்கணக்காகத் தூரத்திலிருந்தே அளந்துவந்தார்கள். வெறும் புல்மேட்டுச் சரிவுக்கு அவர்கள் அவ்வளவு பார்த்தார்கள்.

சரிவு என்றதும் நினைவு வருகிறது. தண்ணீர் கிணற்றைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ஊறிய குப்பைக்குக் கனம் கூடும், பிடிப்பு குறையும். 2000 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பயாட்டாஸில் புயல் மழைக்குப் பிறகு குப்பை மலை சரிந்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் லெவிகஜாவில் மூன்று நாள் மழைக்குப் பிறகு நூற்று நாற்பது பேருக்கு மேல். 2017-இல் சித்திரை வருஷப் பிறப்பன்று கொழும்பில் மீத்தொட்டமுல்லை சரிந்து 32 பேர். பண்டிகைக்காக வீட்டில் இருந்தவர்கள். அதே வருஷம் செப்டம்பரில் டெல்லி காஜிப்பூரில் இரண்டு பேர். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் மழைமேல் போட மாட்டேன். ஆனால் மலைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதன் அடிவாரத்தில் மனிதர்களைக் குடிவைப்பது என்ன துணிச்சல்?

என் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தேங்காய் வைத்துப் பார்ப்பவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. குப்பை மக்கும்போது உள்ளே சூடு ஏறும். ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 சதவீதம் மின்சாரம் கூடுதலாகக் கடத்தும். சூட்டை அளந்து கழிக்காவிட்டால் சூட்டையே ஈரம் என்று படித்துவிடுவோம். பெருமழையில் நல்ல தண்ணீர் நிறைய இறங்கிக் கசிவுநீரை நீர்த்துப்போகச் செய்தால், ஈரம் கூடியும் எண் ஏறும். தெரியாதவர் 'காய்ந்துவிட்டது' என்று எழுதிவிடுவார். அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட புதுக் கிடங்குகளில் மின்சாரம் விரிப்பைத் தாண்டாது. அங்கே முறை வேறு. தரை ஊடுருவும் ரேடார் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நல்ல கருவிதான், ஆனால் கசிவுநீரும் களியும் உள்ள இடத்தில் அலை கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆகவே கம்பியை மட்டும் நம்பு என்று சொல்லவில்லை. சில இடங்களில் துளை போட்டு, மாதிரி எடுத்து, படத்தோடு ஒத்துப்பார்த்தே ஆகவேண்டும். அந்தத் துளையை எங்கே போடுவது என்று படம்தான் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு மூலையில் போடுவதைவிட, நீலத் திட்டின் நடுவில் ஒன்று போடுவது மேல்.

பணம் இல்லை என்பார்கள். குப்பை மலையைக் கரைக்க நூற்றுக்கணக்கான கோடி ஒதுக்குகிற இடத்தில், வருஷத்துக்கு இரண்டு தடவை நாலைந்து பேரைக் கம்பிக்கட்டோடு அனுப்பப் பணமில்லை என்றால் அதை நான் நம்பத் தயாரில்லை. ஆள் இல்லை என்பார்கள். ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைக் கிடங்குகளைச் சுற்றிய நிலத்தடி நீரைப் பற்றி மாணவர்கள் ஆய்வேடு எழுதியிருக்கிறார்கள். பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு அலமாரிக்குப் போகிறது, மாணவர் பெங்களூருக்குப் போகிறார். அடுத்த மழைக்கு அளக்க ஆள் இல்லாமல்போவது அறிவுப் பஞ்சத்தால் அல்ல. அளந்தால் ஓர் எண் வரும். எண் வந்தால் பதில் சொல்ல வேண்டும். 'எதுக்கு வம்பு' என்று 1987-இல் என்னிடம் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை.

"அதான் குப்பையையே தோண்டி எடுத்துட்டாங்களே, பெருங்குடியில இனிமே எதை அளக்கணும்?" என்பது நண்பரின் கடைசி அஸ்திரம். எடுத்தது குப்பையை. பல வருஷ மழை அதன் வழியாக இறங்கிக் கீழே களியிலும் மணலிலும் சேர்த்துவைத்ததை எந்த லாரியும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. இப்போது குப்பை இல்லாத வெறும் தரை என்பதால் புது மழை அதைக் கழுவிவிடுமா, அல்லது ஒக்கியம் மடுவுப் பக்கமாக நகர்த்திக்கொண்டு போகுமா? இரண்டில் எது என்று அடுத்தடுத்த படங்கள் காட்டிவிடும். மீட்ட நிலத்தில் பூங்கா கட்டி, மண்ணடித்து, கான்கிரீட் போட்ட பிறகு கம்பி அடிக்க இடம் இருக்காது. அதற்கு முன்னால் முதல் கோடு விழ வேண்டும். அந்த முதல் படம் இல்லையென்றால் பிறகு எதோடு ஒப்பிடுவது?

நான் கேட்பது இவ்வளவுதான். பெருங்குடி, கொடுங்கையூர் மட்டுமல்ல. மண் போட்டு மூடிய ஒவ்வொரு நகராட்சிக் கிடங்கிலும், மூடியதற்கு மேலே ஒரு கோடு, சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு, தண்ணீர் வடியும் பக்கத்தில் எல்லைக்கு வெளியே ஒரு கோடு. கோட்டின் இரு முனையிலும் கல் நட வேண்டும். அடுத்த முறை வேறு ஆள் வந்தாலும் அதே இடத்தில் கம்பி அடிக்க வேண்டுமே. மூடிய பின் 15 வருஷம் என்று 2016 விதி சொன்னதல்லவா, அந்த 15 வருஷமும். படங்களை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். புரியாது என்பார்கள். வீட்டுத் தளத்தில் ஓதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, போன வருஷத்து நீலத்தைவிட இந்த வருஷத்து நீலம் பெரிதா சின்னதா என்று பார்க்கத் தெரியாதா?

இதையெல்லாம் எழுதி நண்பரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "சரி, அந்த அம்மாவைப் பத்தி எழுதினீங்களே, அது நிஜமா?" என்று மட்டும் கேட்டார். நிஜம் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, வார்டு கவுன்சிலர் தனக்குப் பழக்கம் என்றும், மனு எழுதிக் கொடுத்தால் தானும் கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார். எழுதிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வந்துவிடும். மழைக்கு முந்திய படம் வேண்டுமென்றால் செப்டம்பரில் கம்பி அடித்தாக வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலை ஆறிலிருந்து ஏழு வரை ஏரிக்கரை நடைபாதையில் எங்களைப் பார்க்கலாம். பேனா கொண்டுவந்தால் நல்லது, என்னுடையதை நேற்று யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.